லோகாட்: இலையில் மருந்து, விதையில் நஞ்சு

லோகாட் என்பது எலுமிச்சை அளவில், மஞ்சள் நிறத்தில் காய்க்கும் ஒரு பழம். ஆப்பிளும் ரோஜாவும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் சீனா. ஜப்பானிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயிராகிறது. சீனர்கள் இதைப் 'பிபா' என்பார்கள். அதே பெயரில் ஒரு நரம்பிசைக் கருவியும் உண்டு. இரண்டுக்கும் வடிவ ஒற்றுமைதான் காரணம்!

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க், ஜப்பானில் தங்கி ஆராய்ந்து, 1780இல் இந்த மரத்துக்கு முதல் அறிவியல் பெயரைச் சூட்டினார். 1821இல் ஆங்கிலேயரான லிண்ட்லி அதை 'எரியோபோட்ரியா' என்ற தனிப் பேரினமாக்கினார். 'கம்பளி போர்த்திய கொத்து' என்று அதற்குப் பொருள். பூங்கொத்தின் மேல் உள்ள மெல்லிய ரோமமே காரணம்.

சீன மருத்துவத்தில் இதன் இலை இருமலுக்குப் பழங்கால மருந்து. இலையின் அடியிலுள்ள ரோமம் தொண்டையை உறுத்தும் என்பதால் அதைத் துடைத்துவிட்டுத்தான் கஷாயம் வைப்பார்கள். இலையில் அர்சோலிக் அமிலம், கோரோசோலிக் அமிலம் போன்ற சேர்மங்கள் இருப்பதை இன்றைய ஆய்வுகள் காட்டியுள்ளன. வீக்கத்தையும் இரத்தச் சர்க்கரையையும் இவை குறைக்குமா என்ற சோதனைகள் பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும்தான் நடந்துள்ளன. மனிதருக்கு மருந்து என்று சொல்ல அது போதாது.

விதையின் கதை வேறு. அதில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. 1830இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கசப்பு வாதுமையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். விதையை அரைக்கும்போது இது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும்.

இதே அமிக்டலின்தான் பின்னாளில் 'வைட்டமின் பி17' என்ற பெயரில் புற்றுநோய் மருந்தாக விற்கப்பட்டது. உண்மையில் அது வைட்டமினே அல்ல! அமெரிக்காவில் 178 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1982இல் வெளியானது. யாரும் குணமடையவில்லை. சிலரின் இரத்தத்தில் சயனைடு அபாய அளவை நெருங்கியிருந்தது.

அதன் பிறகும் நம்பிக்கை போகவில்லை. ஜப்பானில் லோகாட் விதைப் பொடி உடல்நல உணவாக விற்பனைக்கு வந்தது. 2017இல் அந்நாட்டு வேளாண் அமைச்சகம் அதைச் சாப்பிட வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது.

ஒரே மரம்தான். பழத்தின் சதையை ருசித்துச் சாப்பிடலாம், விதையைத் துப்பிவிட வேண்டும். 'இயற்கையானது, அதனால் நல்லது' என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு லோகாட் ஒன்றே போதும்.