அழி ரப்பரும் அரை டாலரும்

வருடம் 1978. அமெரிக்காவில் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல். கரும்பலகை முழுக்கக் கட்டம் கட்டமாக ஒரு கம்பெனியின் வரவு செலவு. ஓர் எண்ணைத் திருத்தினால் போச்சு. அதைத் தொட்டு நிற்கிற அத்தனை எண்களையும் அழித்து, திரும்பக் கூட்டி, திரும்ப எழுதவேண்டும். இதைப் பார்த்துக்கொண்டு பகல் கனவு கண்ட மாணவருக்கு வயசு 26. பெயர் டான் பிரிக்ளின். ஓர் எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறிக்கொள்ளாதா?

இந்தத் தொல்லை கரும்பலகைக்கு மட்டும் உரியதல்ல. ஸ்ப்ரெட்ஷீட் என்றால் அன்றைக்குக் கம்ப்யூட்டர் சமாசாரமே இல்லை. அகலமான கோடு போட்ட பேப்பர். பென்சில், அழி ரப்பர், ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிற ஒரு அக்கவுண்டன்ட். அவ்வளவுதான்.

பிரிக்ளினுக்கு பாப் ஃபிராங்க்ஸ்டன் என்றொரு சிநேகிதர். எம்.ஐ.டி. நாளிலிருந்தே பழக்கம். பகலில் பெரிய கம்ப்யூட்டருக்கு வாடகை அதிகம், ராத்திரியில் மலிவு. எனவே ஃபிராங்க்ஸ்டன் வீட்டுப் பரணில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக புரோகிராம் எழுதினார். வேலை முடிவதற்குள்ளேயே பிரிக்ளின் அதை வைத்து பெப்சி பற்றிய ஒரு கேஸ் ஸ்டடிக்கு ஐந்து வருடக் கணக்கைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். 1979 அக்டோபரில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக அது விற்பனைக்கு வந்தது. பெயர் விசிகால்க். விலை சுமார் 100 டாலர்.

இதுவரை கம்ப்யூட்டர் சரித்திரம். பல பேர் எழுதியாகிவிட்டது. எனக்கு சுவாரசியம் அந்த 1979ல்தான்.

அந்த வருடம் அமெரிக்காவில் விலைவாசி 11.3 சதவிகிதம் ஏறியது. அடுத்த வருடம் 13.5. ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஐந்தேகால், ஐந்தரை சதவிகிதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்று சட்டமே இருந்தது. கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு டாலரை 1979ல் பத்திரமாக பேங்கில் போட்டவருக்கு 1980ல் கிடைத்தது 105.50. அதைப் போன வருடத்து விலைக்கு இறக்கினால் சுமார் 93 டாலர். வட்டியும் வாங்கி ஏழு டாலர் நஷ்டம்! பாஸ்புக்கைப் பார்த்தால் இந்த நஷ்டம் தெரியாது. அதில் ஐந்தரை டாலர் ஏறித்தான் இருக்கும்.

அதைக் காட்டிக்கொடுக்கத்தான் அந்தக் கட்டங்கள். முதல் பத்தியில் வருடம். இரண்டாவதில் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண். 1970க்கு 38.8, 1975க்கு 53.8, 1979க்கு 72.6, 1980க்கு 82.4. மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு ஃபார்முலா: நூறை 38.8ஆல் பெருக்கி, அந்தந்த வருடத்து எண்ணால் வகுக்கவேண்டும். முதல் வரியில் எழுதிவிட்டுக் கீழே இழுத்தால் வேலை முடிந்தது. 1970ன் நூறு டாலர் நோட்டு 1975ல் 72 ஆகிறது. 1979ல் 53. 1980ல் 47. கம்ப்யூட்டரில் சாவகாசமாகப் பார்த்தாலே கொஞ்சம் பகீரென்கிறது.

கீழே இழுக்கும்போது 38.8 இருக்கிற கட்டம் நகராமல் இருக்கவேண்டும். அதற்கு எக்ஸெலில் கட்டத்தின் பெயரோடு டாலர் குறியைச் சேர்ப்பார்கள். போட்டால் அசையாது. நிஜ டாலருக்கு அந்தக் குணம் கிடையாது.

இன்னொன்று, பி.காம். படித்தவர்களே சறுக்குகிற இடம். 1970லிருந்து 1980க்குள் விலைவாசி 112 சதவிகிதம் ஏறியது. பணத்தின் மதிப்பு 112 சதவிகிதம் குறைந்ததா? அப்படியென்றால் நூறு டாலர் காணாமல் போய், மேற்கொண்டு 12 டாலர் கடன் என்றாகும். குறைந்தது 53 சதவிகிதம். வகுக்கவேண்டிய இடத்தில் கழித்தால் இப்படித்தான். அதேபோல 11.3ஐயும் 13.5ஐயும் கூட்டி 24.8 என்று சொல்லக்கூடாது. இரண்டாவது வருடத்து ஏற்றம் முதல் வருடத்து ஏற்றத்தின் மேலும் ஏறும். பெருக்கினால் 26.3.

தனி மனிதனை விடுங்கள். கம்பெனிகளின் கதை இன்னும் விசித்திரம். 1970ல் ஒரு லட்சம் டாலருக்கு ஒரு மெஷின் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடம் பத்தாயிரம் தேய்மானம். பத்து வருடத்தில் லட்சமும் கழிந்தாச்சு, கணக்கு சுத்தம். 1980ல் புது மெஷின் வாங்கப் போனால்? விலை மற்றதோடு சேர்ந்து ஏறியிருந்தால் 2 லட்சத்து 12 ஆயிரம். நடுவில் லாபம் என்று காட்டி, வரி கட்டி, டிவிடெண்ட் கொடுத்ததில் ஒரு பகுதி லாபமே அல்ல. முதலைத்தான் தின்றிருக்கிறார்கள்.

அமெரிக்கக் கணக்கியல் வாரியம் கடைசியில் விழித்துக்கொண்டது. பெரிய கம்பெனிகள் விலைவாசி ஏற்றத்தைச் சரிக்கட்டிய கணக்கையும் கூடவே காட்டவேண்டும் என்று 33ஆம் எண் விதியைக் கொண்டு வந்தது. வெளியானது 1979 செப்டம்பரில். விசிகால்க் வருவதற்கு ஒரு மாதம் முன்னால்! யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. ஆனால் விலைவாசி அப்படி ஓடும் காலத்தில் ‘இது எட்டு சதவிகிதமானால் என்ன, பன்னிரண்டானால் என்ன’ என்று மாற்றி மாற்றிப் பார்க்க ஒரு சாமான் கிடைத்தால் பிசினஸ்காரன் விடுவானா? விசிகால்க்குக்காகவே ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உண்டு.

நடுவில் அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை. ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்கர் நிருபர்களைக் கூப்பிட்டார். பணப்புழக்கத்தை இறுக்கப் போகிறேன், வட்டி எங்கே போனாலும் சரி என்பதுதான் விஷயம். ஆறடி ஏழு அங்குல மனிதர், வாயில் சுருட்டு. வட்டி இருபது சதவிகிதத்தைத் தொட்டது. 1981ல் வீட்டுக்கடன் வட்டி 18க்கு மேல். வீடு விற்காத பில்டர்கள் மரக்கட்டைத் துண்டுகளை அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். கார் வியாபாரிகள் விற்காத கார்களின் சாவிகளை அனுப்பினார்கள். 1982 கடைசியில் வேலையில்லாதோர் 10.8 சதவிகிதம். 1983ல் விலையேற்றம் 3.2க்கு இறங்கியது. அதற்குள் வேலை போனவர்களின் வருடங்களை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதற்கு ஃபார்முலா இல்லை.

விலைவாசி அடங்கியதும் கம்பெனிகளுக்கு 33ஆம் எண் விதி பாரமாகத் தெரிந்தது. 1986ல் ‘விருப்பமிருந்தால் காட்டலாம்’ என்று மாற்றிவிட்டார்கள். யாருக்கு விருப்பமிருக்கும்?

விசிகால்க்கும் அதிக நாள் தாங்கவில்லை. 1983ல் லோட்டஸ் 1-2-3 வந்து மார்க்கெட்டை அள்ளியது. 1985ல் பிரிக்ளினின் கம்பெனியையே லோட்டஸ் வாங்கிக்கொண்டது. அதே வருடம் எக்ஸெல் பிறந்தது. புரோகிராமுக்கு காப்புரிமை வாங்குவது அப்போது கஷ்டம், பிரிக்ளின் வாங்கவில்லை.

அவருடைய சரக்கின் விலையையே அந்தக் கட்டங்களில் போட்டுப் பார்த்தேன். குறியீட்டு எண் 1979ல் 72.6, 2023ல் 304.7. நூறு டாலர் விசிகால்க், 2023ன் விலையில் சுமார் 420 டாலர். பிரிக்ளின் அதன் ஐ.பி.எம். பி.சி. வடிவத்தைப் பிற்பாடு லோட்டஸிடம் அனுமதி வாங்கித் தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார். மொத்தம் 27 கிலோபைட்தான்.