பாறைக்குப் பெயர் தந்த ஊர்கள்

நிலவியலார் ஒரு பாறை அடுக்கிற்கு, அது தெளிவாக வெளிப்படும் இடத்தின் பெயரையே பெரும்பாலும் இடுவர். கோலார் தங்கவயலின் பொன் தாங்கிய பாறைகளும் கோலார்ப் பட்டை என்றே சுட்டப்பெறுகின்றன. தமிழ்த் தொழிலாளர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்த அப்பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையன; அவற்றில் எலும்பும் இல்லை, சிப்பியும் இல்லை. அவற்றைத் தேடுவோர் காவிரிப் படுகையின் அரியலூர்ப் பகுதிக்கே வர வேண்டும். அங்கும் ஊர்களே பாறைக்குப் பெயர் தந்தன. அப்பெயர்கள் உரோமன் எழுத்தில் வெளியே சென்று தமிழுக்குத் திரும்பும்போது அடையும் மாற்றமே இங்கு ஆராயப்படுகிறது.

காயே, கன்லிஃப் ஆகிய இருவர் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விளக்கி எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையின் பிளான்ஃபோர்டு, 1862இல் வெளியான தம் அறிக்கையில் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என முத்தொகுதிகளாகப் பகுத்தார். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லைவரை நீளும் கிரெடேசியக் காலத்துக் கடலின் வரலாறு இவற்றில் பதிவாகியுள்ளது.

பிளான்ஃபோர்டு ஊட்டத்தூரை இரட்டை 'ஓ' இட்டு எழுதினார். அதனால் முதலுயிரின் நெடில் காக்கப்பெற்றது. பிற்கால நூல்கள் அதை 'யூ' என்னும் ஓரெழுத்தாக்கின, நெடில் மறைந்தது. டகரத்திற்கும் தகரத்திற்கும் உரோமனில் ஒரே எழுத்து. எனவே ஆங்கில நூலை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர் உட்டாட்டூர் என்றோ உத்தத்தூர் என்றோ எழுதக்கூடும். பாடல்பெற்ற தலங்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில், பழைய சிவன்கோயில் உள்ள ஓர் ஊர் இவ்வாறு ஊரற்ற பெயராகிவிடும். எழுத்துப்பெயர்ப்பு இங்கு உதவாது; ஊருக்குத் தமிழில் வழங்கும் பெயரைத் தேடி எழுதுவதே முறை.

டால்மியாபுரம் அடுக்கு வேறு வகையானது. சிமெண்டு ஆலையால் வந்த அப்பெயரை நீக்கிக் கல்லக்குடி என இரயில் நிலையத்திற்குப் பெயரிட வேண்டும் என 1953இல் திராவிட முன்னேற்றக் கழகம் போராடியது. நிலையம் பின்னர் கல்லக்குடி பழங்காநத்தம் ஆயிற்று. ஆனால் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு டால்மியாபுரம் என்றே இன்றும் நூல்களில் வழங்குகிறது. அறிவியற்பெயரை மொழிபெயர்ப்பாளர் தாமே திருத்த இயலாது. கல்லக்குடி என்றெழுதினால் வாசகர் வேறோர் அடுக்கைக் கருதிக்கொள்வார். பெயரை உள்ளவாறே வைத்து, ஊரின் பெயரை ஒரு தொடரில் விளக்குவதே என் பரிந்துரை. உட்டாட்டுரிசெராஸ் என்னும் அம்மோனைட்டுப் பேரினத்திற்கும் இது பொருந்தும். அது ஊட்டத்தூரினின்று பிறந்தது எனினும் இலத்தீன வடிவம் பெற்றுவிட்டதால் நம் விருப்பத்திற்கு வளையாது. அம்மோனைட்டைச் சாளக்கிராமம் எனலாமே என்பாரும் உளர். கண்டகி ஆற்றுக் கல்லுக்கும் வழிபாட்டுக்கும் உரிய அச்சொல், காரையின் களிமண்ணிலிருந்து பொறுக்கிய ஓட்டிற்குப் பொருந்துமென நான் கருதவில்லை.

அரியலூர்த் தொகுதியின் மேலடுக்கான கல்லமேட்டில் கிடைத்த பேருயிரை யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டு அறிவித்தனர். 'பெரிய உடல்' என்னும் வடசொற்றொடரும் 'பல்லி' என்னும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது அது. தமிழ் அதில் இல்லை. அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்தன. எஞ்சியவை விளக்கமும் படங்களுமே. அது எலும்பன்று, கல்லாகிய மரம் என ஐயுற்றோரும் இருந்தனர். 2022இல் வெளியான பழைய ஒளிப்படங்கள் எலும்பு என்ற கருத்திற்கே வலுவூட்டின.

அவ்வாறு கல்லாகிய மரத்திற்கு இவ்வட்டாரத்தில் நல்லதொரு சொல் உண்டு. இந்திய நிலவியல் அளவைத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த சாத்தனூரின் 18 மீட்டர் நீளத் தண்டை மக்கள் கல்மரம் என்றே வழங்குகின்றனர். பாடநூலாசிரியர் அதைப் 'புதைபடிவமாக்கப்பட்ட மரத்தண்டு' என விரிக்க வேண்டியதில்லை.