வீட்டு ரவுட்டர் பழசாகிவிட்டதா? 'ஓப்பன்டபிள்யூஆர்டி' பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

இணையம் மெதுவாகும்போது வைஃபை ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி மாட்டுவோம். அதோடு சரி. மற்ற நாள்களில் அது மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும்.

ஆனால் அந்தப் பெட்டியும் ஒரு கணினிதான். அதற்கென்று செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் உண்டு. கைத்தொலைபேசி, 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று நச்சரிக்கும். பழைய ரவுட்டர்கள் பல வாயே திறக்காது. தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடலாம். பெட்டியோ தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட ரவுட்டர்களுக்கு மறுவாழ்வு தரும் இலவச இயங்குதளம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஓப்பன்டபிள்யூஆர்டி.

பழைய மென்பொருள் இருந்தால் என்ன ஆகும்?

2016 அக்டோபர் 22, 24 ஆகிய நாள்களில் சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையச் சேவை தடைபட்டது. இணைய முகவரிகளைத் தேடித்தரும் அதன் சேவையகங்களில் அளவுக்கு மீறிய கோரிக்கைகள் குவிந்ததே காரணம். அவற்றை அனுப்பியவை, கிருமி புகுந்த வாடிக்கையாளர்களின் சொந்தக் கருவிகள். வெப்கேமராக்கள், ரவுட்டர்கள் போன்றவை அவை.

2018இல் 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீங்குநிரல் குறைந்தது 54 நாடுகளில் 500,000 ரவுட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பாதித்தது தெரியவந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை நூற்றுக்கணக்கான ரவுட்டர்களிலிருந்து ஒரு தீங்குநிரலை நீக்கியதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துபோனவை.

ஆக, ரவுட்டரில் புகுபவருக்கு உங்கள் தகவல் மட்டுமல்ல, உங்கள் இணைய இணைப்பே ஓர் ஆயுதமாகக் கிடைக்கிறது.

ஓப்பன்டபிள்யூஆர்டி அப்படின்னா என்ன?

சிறு கருவிகளுக்காகச் சுருக்கிச் செய்யப்பட்ட லினக்ஸ் இயங்குதளம். ரவுட்டர்தான் அதன் முக்கிய வீடு. அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

அது பிறந்த கதை சுவையானது. 2002இன் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் லினக்ஸ் இருப்பதை 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தனர். லினக்ஸின் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அதைப் பொருளில் வைத்து விற்பவர், வாங்குபவருக்கு மூலநிரலையும் கொடுக்க வேண்டும். நெருக்குதல் வந்ததும் நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரின் பின்பாதி அந்த ரவுட்டரிடமிருந்து வந்ததுதான்.

2016இல் குழு இரண்டாகப் பிரிந்தது. 2018இல் மறுபடியும் ஒன்று சேர்ந்தது. 2024 நவம்பரில் 'ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்' என்ற சொந்த ரவுட்டரும் வந்தது. அதில் சேமிப்புச் சில்லுகள் இரண்டு. ஒன்றில் உள்ள மென்பொருள் கெட்டால் மற்றொன்றைக் கொண்டு மீட்டுவிடலாம்.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

- பாதுகாப்புத் திருத்தங்கள்: தயாரிப்பாளர் கைவிட்ட கருவிக்கும் புதிய பதிப்பு கிடைக்க வாய்ப்புண்டு. பதிப்பு எண்ணைப் பார்த்தாலே அதன் வயது தெரியும். 23.05 என்றால் அந்த வரிசை 2023 மே மாதத்தைச் சேர்ந்தது.

- வேண்டியதை மட்டும் சேர்க்கலாம்: விளம்பரத் தடுப்பு, விபிஎன், விருந்தினருக்குத் தனி வைஃபை என ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுப்புகள் உள்ளன.

- தவறினால் மீளலாம்: அடிப்படை மென்பொருள், மாற்ற முடியாத பகுதியில் இருக்கிறது. நீங்கள் செய்யும் மாற்றங்கள் அதன் மேல் தனி அடுக்காகப் பதிகின்றன. அந்த அடுக்கை அழித்தால் போதும், பெரும்பாலான கருவிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

- தடங்கல் குறையும்: வீட்டில் ஒருவர் பெரிய காணொளியைப் பதிவேற்றுகிறார். இன்னொருவரின் காணொளி அழைப்பு திக்குகிறது. ஏன்? உணவங்காடி வரிசையில் ஒருவர் 30 பொட்டலம் மீ கோரெங் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவருக்கு ஒரே ஒரு கோப்பி-ஓ தான் வேண்டும். ஆனாலும் காத்திருக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி ஒவ்வோர் இணைப்பையும் தனி வரிசையாக்கி, கோப்பிக்காரரை முதலில் அனுப்பிவிடும். எனினும் இது செயலிக்குக் கூடுதல் வேலை. விநாடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் பழைய ரவுட்டர் மூச்சு வாங்கும்.

எல்லா ரவுட்டரிலும் போட முடியுமா?

முடியாது. சேமிப்பிடம் 8 மெகாபைட், நினைவகம் 64 மெகாபைட் ஆகியவை குறைந்தபட்சம் தேவை. அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் நிம்மதி. வைஃபை சில்லும் முக்கியம். பிராட்காம் சில்லுள்ள பல ரவுட்டர்களுக்குத் திறந்தநிலை இயக்கி இல்லை. அவற்றில் வைஃபை சரியாக வேலை செய்யாது.

திட்டத்தின் இணையத்தளத்தில் ஆதரவுள்ள கருவிகளின் பட்டியல் இருக்கிறது. ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைப் பாருங்கள். அதோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் இரண்டு ரவுட்டர்களுக்குள் வேறு வேறு சில்லுகள் இருக்கலாம்.

போடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

- ரவுட்டர் உங்களுடையதுதானா? இணைய நிறுவனம் இரவலாகக் கொடுத்ததாக இருந்தால் கை வைக்காதீர்கள். சுவரிலிருந்து வரும் கண்ணாடியிழை வடத்தை இணைத்திருக்கும் பெட்டியையும் தொட வேண்டாம்.

- உத்தரவாதம் போகக்கூடும். தவறான கோப்பை ஏற்றினால் ரவுட்டர் செயலிழந்துவிடலாம்.

- தொலைக்காட்சிச் சேவையோ வீட்டுத் தொலைபேசியோ அதே ரவுட்டர் வழியே வந்தால் அமைப்புகளை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

- கம்பிவடம் தயாராக இருக்கட்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி முதன்முதலில் இயங்கும்போது வழக்கமாக வைஃபை அணைந்தே இருக்கும். கணினியைக் கம்பியில் இணைத்து 192.168.1.1 என்ற முகவரிக்குச் செல்ல வேண்டும். பொதுவாக மறைச்சொல்லும் இருக்காது. முதல் வேலையாக அதை அமையுங்கள்.

- வைஃபை அமைப்பில் நீங்கள் வசிக்கும் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதை அந்நாட்டு விதிகள் முடிவுசெய்கின்றன.

இதைப் போட்டால் கவலையே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் மேம்பாட்டுச் சேவையகத்திலேயே கடுமையான குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது. ஆய்வாளர் ஒருவர் தெரிவித்த சில மணி நேரத்தில் அதைச் சரிசெய்து, விவரத்தையும் வெளிப்படையாக அறிவித்தனர்.

இன்னொன்று: ஓப்பன்டபிள்யூஆர்டி வழக்கமாகத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நீங்கள்தான் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து ஏற்ற வேண்டும். போட்டுவிட்டு மறந்துவிட்டால், சில ஆண்டுகளில் அதுவும் பழைய மென்பொருள்தான்.

எனக்கு இதெல்லாம் வேண்டாமே!

பரவாயில்லை. ரவுட்டரைப் பாதுகாக்க எளிய வழிகளும் உள்ளன.

- புதிதாக வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. மொத்தம் 4 நிலைகள். நிலை கூடக்கூடச் சோதனையும் கடுமையாகும். இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் குறைந்தது முதல் நிலையையாவது எட்டவேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. எல்லாக் கருவிக்கும் ஒரே மறைச்சொல் வைத்து விற்பதற்கு அதில் இடமில்லை. ஆனால் சோதிக்கப்பட்டது தயாரிப்பாளரின் மென்பொருள். நீங்களே வேறொன்றை ஏற்றிய பிறகு அந்த முத்திரையை நம்பியிருக்க முடியாது.

- தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் உங்கள் மாதிரிக்கு இன்னும் ஆதரவு உண்டா என்று பாருங்கள். முடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

- தானியங்கிப் புதுப்பிப்பு வசதி இருந்தால் அதை இயக்கிவையுங்கள்.

- வெளியிலிருந்து ரவுட்டரைக் கட்டுப்படுத்தும் வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டியை முயன்று பார்க்க ஆசையா? அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரில் தொடங்குங்கள். கெட்டுப்போனாலும் வீட்டில் இணையம் நிற்காது. பிள்ளைகளும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.