போக்கர்: வரலாறும் கணக்கும்

போக்கர் என்பது 52 சீட்டுகள் கொண்ட கட்டை வைத்து, சுற்றுக்குச் சுற்று பந்தயம் கட்டி ஆடப்படும் சீட்டாட்டம் ஆகும். எதிராளியின் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பது ஆடுபவருக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிட்டால், மோசமான சீட்டு வைத்திருப்பவர்கூட நடுவில் சேர்ந்த பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்விகள் சிலவற்றுக்கு அதன் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

தோற்றம்

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியில் உருவானது. பிரெஞ்சுக்காரர்களின் 'போக்' என்ற ஆட்டத்திலிருந்து இதன் பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள் வழியாக இது வடக்கே பரவியது. 1829இல் அத்தகைய படகில் பயணம் செய்த ஜோசப் கோவெல் என்ற ஆங்கில நடிகர், தாம் அங்கே கண்ட ஆட்டத்தைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அந்தக் காலத்து ஆட்டத்தில் 20 சீட்டுகளே இருந்தன. நால்வருக்கு ஐந்தைந்தாகப் பங்கிட்டால் கட்டு தீர்ந்துவிடும். பிறகு 52 சீட்டுக் கட்டு வழக்கத்துக்கு வந்தது. சீட்டு மாற்றிக்கொள்ளும் முறையும், சில சீட்டுகளைத் திறந்து வைத்து ஆடும் முறையும் சேர்ந்தன.

இன்று உலகெங்கும் ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டெம்' வகை, டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தது என்று 2007இல் அம்மாநிலச் சட்டமன்றம் அறிவித்தது. இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் தனியாகத் தரப்படும். ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவரது கை.

ஃபிளஷ் ஏன் ஸ்ட்ரெய்ட்டை வெல்கிறது?

புதிதாகக் கற்பவர் அனைவரும் கேட்கும் கேள்வி இது. ஐந்து சீட்டும் ஒரே சின்னமாக இருந்தால் ஃபிளஷ். ஐந்தும் வரிசை எண்களாக இருந்தால் ஸ்ட்ரெய்ட். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 வழிகளில் எடுக்கலாம். அவற்றில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃபிளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744, ஒரே எண் நான்கு அமைவது 624. அரிதாக வருவது உயர்ந்தது என்பதே விதி. சேர்மானக் கணக்குப் படித்த மேல்நிலை மாணவர் எவரும் இந்த வரிசையைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எப்போது தொடரலாம், எப்போது விலகலாம்?

நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. எதிராளி மேலும் 50 ரூபாய் கட்டுகிறார் என்று கொள்வோம். நீங்கள் 50 ரூபாய் போட்டால் 150 ரூபாயை வெல்ல வாய்ப்பு உண்டு. நான்கில் ஒரு முறையாவது, அதாவது 25 விழுக்காடு, வென்றால்தான் கை கடிக்காது. உங்களிடம் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு சேர்ந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு சீட்டு திறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் உங்களுக்கு உதவுபவை 9. வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பந்தயம் இத்தோடு முடிகிறது என்றால், ஒவ்வொரு முறை தொடரும்போதும் சராசரியாக 11 ரூபாய் அளவுக்கு நட்டம். விலகுவதே சரி. 1970களின் இறுதியில் டாய்ல் பிரன்சன் வெளியிட்ட 'சூப்பர் சிஸ்டம்', 1987இல் டேவிட் ஸ்க்லான்ஸ்கி வெளியிட்ட 'தி தியரி ஆஃப் போக்கர்' ஆகிய நூல்கள் இத்தகைய சிந்தனையைப் பரப்பின.

பொய்ப் பந்தயம் ஏன்?

மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு இருப்பதுபோல் பணம் கட்டுவதற்கு 'பிளஃப்' என்று பெயர். இது வெறும் துணிச்சல் அல்ல, கணக்குதான் என்று காட்டியவர் கணிதமேதை ஜான் வான் நாய்மன். அவர் ஆஸ்கார் மார்கன்ஸ்டெர்னுடன் எழுதி 1944இல் வெளியான ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்குத் தனிப் பகுதியே உண்டு. நல்ல சீட்டு வந்தால் மட்டுமே பந்தயம் கட்டுபவரை எதிராளி எளிதில் படித்துவிடுவார். எனவே சில வேளைகளில் பொய்ப் பந்தயமும் கட்ட வேண்டும். அதற்கு ஏற்றது மிக மோசமான சீட்டே. நடுத்தரச் சீட்டு அல்ல. நடுத்தரச் சீட்டு கடைசிவரை நின்றும் வெல்லக்கூடும். மோசமான சீட்டுக்கு அந்த வழி இல்லை.

திறமையா, அதிர்ஷ்டமா?

1970இல் லாஸ் வேகாஸ் நகரில் பென்னி பினியன் 'உலகப் போக்கர் தொடர்' போட்டியைத் தொடங்கினார். 2003இல் கிரிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிச்சுற்றின் வழியாக அதன் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு ஆடியவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர். மணிமேக்கரின் பெயர் உலகம் முழுவதும் பரவியது. அதே போட்டியில் தோற்ற 838 பேரை விளம்பரங்கள் பேசவில்லை.

திறமை உண்மைதான். ஆனால் அது தெரிய எத்தனை ஆட்டம் வேண்டும்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'கிளாடிகோ' என்ற கணினி நிரல் 2015இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 80,000 ஆட்டங்கள் ஆடியது. மனிதர்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட காய்கள் முன்னிலை பெற்றனர். ஆனாலும் அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால், புள்ளியியல்படி அது சமநிலை என்று ஆய்வாளர்கள் கூறினர். 2017இல் அடுத்த நிரலான 'லிப்ரேட்டஸ்' 1,20,000 ஆட்டங்களில் 17 லட்சம் காய்களுக்கு மேல் வென்ற பிறகே ஐயமற்ற முடிவு கிடைத்தது. ஒரு மாலையில் 50, 100 ஆட்டம் ஆடுபவரின் வெற்றியோ தோல்வியோ அவருடைய திறமையைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லாது. மேலும், ஆட்டத்தை நடத்துபவர் நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஆகவே ஆடுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் நட்டமே.

நீதிமன்றமும் சட்டமும்

இந்தக் கேள்வி இந்தியாவில் சட்டக் கேள்வியும் ஆகும். 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின், 2022ஆம் ஆண்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, தடைப் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

'இது திறமை விளையாட்டு' என்ற தொடர் பொய் அல்ல, அரை உண்மை. திறமை பலன் தருவதற்குப் பல்லாயிரம் ஆட்டங்கள் தேவை. கையில் உள்ள பணம் அதற்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். போக்கரின் நிகழ்தகவுக் கணக்கைக் கற்க ஒரு சீட்டுக்கட்டும் பென்சிலும் தாளும் போதும். பணம் வைக்க வேண்டியதில்லை.