காமாக் கதிர்கள்

கிளர்ச்சியுற்ற அணுக்கரு அடங்கும்போது வெளிவிடும் மின்காந்த அலையே காமாக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, உடலில் பட்டால் சூடுகூட உறைக்காது. 1900-இல் பாரிசில் ரேடியத்தை ஆராய்ந்த பால் வில்லார் இதைக் கண்டறிந்தார். 1903-இல் பெயரிட்டவர் ரூதர்ஃபோர்டு. மின்சுமை இல்லாததால் காந்தத்துக்கு வளையாது. ஆல்ஃபாத் துகளைத் தடுக்க ஒரு தாள் போதும். கோபால்ட்-60 உமிழும் காமாவைப் பாதியாக்கவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஈயம் வேண்டும்.

உடலுக்குள் நுழையும் காமா, செல்லின் நீரைச் சிதைத்து மரபிழையை (டி.என்.ஏ.) அறுக்கிறது. அறுந்ததை ஒட்டவைப்பதில் நல்ல செல்லுக்கு உள்ள திறன் புற்றுச் செல்லுக்குக் குறைவு. அதனால்தான் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையில் ஒரேயடியாகக் கொடுக்காமல், பெரும்பாலும் நாளுக்கு 2 கிரே (உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) வீதம் வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் கொடுக்கிறார்கள்.

தமிழகத்தில் இந்தச் சிகிச்சை வேர்விட்ட இடங்களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் அடங்கும். சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடரின் அண்ணன் மகள் ஐடா பி. ஸ்கடர் அங்கே கதிரியலை வளர்த்தவர். ‘கரன்ட் வைக்க’, அதாவது கதிர்ச் சிகிச்சை பெற, ஆம்பூரிலிருந்து வருபவர் பஸ் ஏறி அன்றே திரும்பிவிடலாம். வங்காளத்திலிருந்து வரும் குடும்பமோ ஒன்றரை மாதம் காந்தி ரோட்டுப் பக்கம் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட வேண்டும். இந்தச் செலவும் பலரைப் பாதியில் நிறுத்த வைக்கிறது. அப்படி நிறுத்துவது நோய்க்கு இடம் கொடுப்பதாகும். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் மையால் போட்ட கோடு அழியாமல் குளிக்க வேண்டும். எந்திரத்தால் வெளியிலிருந்து கதிர் பெற்றவரின் உடலில் கதிர் தங்காது, குழந்தையை அச்சமின்றித் தூக்கலாம். இந்தச் சிகிச்சை எந்திரத்தில் காமா தரும் கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதம் ஏறக்குறைய 1 விழுக்காடு வீரியம் குறைவதால், அதே அளவைக் கொடுக்க எந்திரத்தின் அடியில் படுத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். இப்போது பல இடங்களில் எக்ஸ்-கதிர் தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் கோபால்ட் எந்திரத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது.

சிகிச்சை தவிர, ஊசி, அறுவை நூல் போன்றவற்றைக் கிருமி நீக்கவும் (டிராம்பேயில் 1974 முதல்), மாம்பழம், மசாலாவைப் பூச்சியிலிருந்து காக்கவும், கொதிகலன் குழாயின் வெல்டிங்கில் விரிசல் பார்க்கவும் காமா பயன்படுகிறது.

ஆபத்து பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடக்கும் மூலத்தில்தான் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்த கோபால்ட் கருவி 2010-இல் ஏலம்போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. கையாண்டவர்களின் தோல் கருகி முடி கொட்டியது, ஒருவர் இறந்தார். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவு பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப்பேர் பிழைப்பதில்லை. காயலான் கடையில் கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்றிதழ்ச் சின்னம் பொறித்த கனத்த ஈயப் பெட்டி வந்தால் திறக்காமல் விலகி நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும்.

கதிர்ப்பணியாளர் பெறக்கூடிய கதிரளவுக்கு இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1. பட்ட கதிரளவைப் பதியப் பணியாளர் மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டை பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கப்படுகிறது.