ஒரே மாவு, இரண்டு திருநாள்

பிரான்சில் குடியேறிய ஆங்கிலேயருக்குப் பான்கேக் திருநாள் ஆண்டில் இரண்டு.

முதலாவது பிப்ரவரி 2. கிறிஸ்து பிறப்பிலிருந்து 40ஆம் நாள், பிரெஞ்சில் 'ஷாந்தலர்'. அன்று மெல்லிய கிரெப் வார்ப்பார்கள். ஒரு கையில் தங்கக் காசு, மறுகையில் வாணலி. கிரெப்பைத் தூக்கிப் போட்டுச் சரியாகப் பிடித்தால் அந்த ஆண்டு பணத்துக்குக் குறைவில்லை என்பது நம்பிக்கை.

இரண்டாவது, ஈஸ்டருக்கு 47 நாள் முன்பு வரும் செவ்வாய். தவக்காலத்துக்கு முன் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்க்க ஆங்கிலேயர் கண்ட வழி. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். ஓல்னி என்ற ஊரில் பெண்கள் வாணலியோடு ஓடும் பந்தயம் 1445இல் தொடங்கியது என்பது ஊர் வழக்கு.

இரண்டும் ஒரே நாளில் வருமா? வராது. ஈஸ்டர் மார்ச் 22க்கு முன் வருவதில்லை. ஆகவே அந்தச் செவ்வாயும் பிப்ரவரி 3க்கு முன் வராது.

1548இல் ஆறாம் எட்வர்டின் அரசு பிப்ரவரி 2ஆம் தேதி மெழுகுவர்த்திச் சடங்கை இங்கிலாந்தில் நிறுத்தியது. நாளடைவில் நோன்புக் கட்டுப்பாடும் தளர்ந்தது. பான்கேக் மட்டும் போகவில்லை. கோயில் சடங்கை அரசாணை மாற்றலாம். அடுப்படி வழக்கத்தை மாற்றுவது கடினம்.

பிரான்சில் வளரும் ஆங்கிலேயப் பேரப்பிள்ளை தாத்தாவின் ஊரைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது வாணலியில்தான். அதை அடுப்பில் ஏற்ற மறந்தால், ஒரு தலைமுறையிலேயே அது போய்விடும்.