இறப்பருக்கு அரிசி: 1952இல் நடந்த ஒரு பண்டமாற்று

வர்த்தக ஒப்பந்தம் எண்டாலே நாங்கள் ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிண்டுதான் கதைக்கிறம். ஒரு பக்கம் 'நாட்டை விக்கினம்' எண்டும், மற்றப் பக்கம் 'இது இல்லாட்டி நாடு முன்னேறாது' எண்டும். ஆனால் எங்கட வரலாற்றிலேயே இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் காட்டுகிற ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது: 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தம்.

கொரியப் போர் தொடங்கியபோது ஏறிய இறப்பர் விலை, 1951க்குப் பிறகு விழுந்தது. அதே நேரம் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. விற்கிற பொருளுக்குக் காசு குறைவு, வாங்கித் தின்கிற பொருளுக்குக் காசு கூட. சீனாவுக்கோ இறப்பர் தேவை. ஆனால் போருக்கு உதவும் பொருட்களைச் சீனாவுக்கு விற்க வேண்டாம் என்று ஐ.நா. பொதுச்சபை 1951இல் கேட்டிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினர் இல்லை, 1955இல்தான் சேர்ந்தது.

டட்லி சேனநாயக்கவின் அரசு கம்யூனிசத்துக்கு எதிரானது. எண்டாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போனார். ஐந்து வருட ஒப்பந்தம்: ஆண்டுக்கு 270,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் இறப்பர் போகும். இறப்பருக்குச் சந்தை விலையை விடக் கூடிய விலை கிடைத்தது. கோபமடைந்த அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆனாலும் ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு முப்பது வருடம் நீடித்தது.

அப்ப எல்லாம் நல்லதுதானே? இல்லை. துறைமுகத்துக்கு வந்த அரிசி, வீட்டு அடுப்புக்கு அதே விலையில் வரவில்லை. 1953 ஜூலையில் அரசு மானியத்தை வெட்ட, 25 சதத்துக்கு வித்த கொத்து அரிசி 70 சதமானது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சீனாவுக்குப் போன இறப்பருக்குப் பால் வெட்டியவர்களில் மலையகத் தமிழரும் இருந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட அவர்களில் பெரும்பாலானோருக்கு, 1952 தேர்தலில் வாக்கே இருக்கவில்லை. அவர்களின் உழைப்பு ஒப்பந்தத்தில் இருந்தது. அவர்களின் குரல் இருக்கவில்லை.

ஆகவே ஒரு ஒப்பந்தம் நாட்டுக்கு லாபமா எண்டு கேக்கிறது அரைவாசிக் கேள்விதான். அந்த லாபம் நாட்டுக்குள்ள ஆருக்குப் போகுது எண்டதுதான் மிச்சம். அடுத்த முறை ஒரு ஒப்பந்தச் செய்தி வாசிக்கேக்க ரெண்டையும் சேத்துக் கேப்பம்.